பிள்ளை இல்லை என்று சொல்லி வாங்கும் பணம்

வடக்குத்து
16.3.1984

அன்பு மகன் கொளஞ்சிநாதனுக்கு அம்மா எழுதுவது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, அந்த வலியும் வெயில் ஏறினால் இறங்கிவிடுகிறது. நீயும் மருமகள் செங்கமலமும் என் பேரனும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும். பேரனுக்கு உன் அப்பா பெயரை வைத்துவிட்டாய், என் வாயால் சொல்ல முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தமயந்திதான் நல்ல தமிழாக்கி எழுதுகிறாள். அவள் பி.ஏ. முடித்துவிட்டாள், நம் தெருவில் முதல் பட்டம் அவளுடையது, ஆனாலும் வாசலில் நாலு பேர் நின்றால் தலை நிமிர மாட்டாள்.

சித்திரையில் குழந்தைக்கு மொட்டை போட வருகிறோம், வடக்குத்தில் பத்து நாள் தங்குவோம் என்று எழுதியிருந்தாய். ஐந்து வருஷமாகக் காணாத முகம். தமயந்தி அதைப் படித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். ஆனால் பதில் போட இத்தனை நாள் ஆகிவிட்டது. உன் கடிதங்களைத் தமயந்தியின் அப்பா கருணாகரன் பெயருக்கே போடச் சொல்லியிருந்தேன், ஏன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதற்கும் இந்தத் தாமதத்துக்கும் காரணம் ஒன்றுதான். அதை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அப்பா போன பிறகு நீ நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய், பெர்மனன்ட் ஆகும் ஆகும் என்று பார்த்து, வெறுத்துப்போய் பம்பாய்க்கு ரயில் ஏறினாய். முதலில் கொஞ்ச காலம் பணம் வந்தது, பிறகு லேத் பட்டறை மூடிவிட்டதாக எழுதினாய், பிறகு கல்யாணம், பிறகு குழந்தை. குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நான் டவுன்ஷிப்பில் கஸ்தூரியம்மாள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷி, மிஞ்சினதைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் அந்த வீட்டு சாருக்கு எந்த ஷிப்ட் என்பதைப் பொறுத்துத்தான் என் வயிறு. செகண்ட் ஷிப்ட் வாரத்தில் அவர் சாப்பாடு கட்டிக்கொண்டு போய்விடுவார், ஒன்றும் மிஞ்சாது, நான் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு வள்ளியம்மாள், புருஷன் இல்லாதவர்களுக்குச் சர்க்கார் மாதாமாதம் பென்ஷன் கொடுக்கிறது, சம்பாதிக்கிற பிள்ளை மட்டும் இருக்கக் கூடாதாம் என்று சொன்னாள். மனு எழுத உட்கார்ந்த தமயந்தி அந்த இடம் வந்ததும் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, “பெரியம்மா, கொளஞ்சி அண்ணன் இருக்காங்களே” என்றாள். “பம்பாயில இருக்குறவன் இங்க வந்து ஒல வைக்கிறானா, எழுதுடி” என்று அதட்டினேன். பாவம், எழுதினாள்.

தாலுக்கா ஆபீஸிலிருந்து ஆள் வந்து விசாரிப்பார்கள் என்று தெரிந்ததும் நீ பண்ருட்டி ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினேன். வள்ளியம்மாள், “ஏன் கழட்டிக்கினு இருக்குற, ஒரு மாலய வாங்கிப் போட்டுடு, கேள்வியே வராது” என்றாள். “மொதல்ல ஒம் புருஷனுக்கு வாங்கிப் போடுடி” என்று நான் கத்தின கத்தலில் அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வந்தவர் வயதில் சின்னவர், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “பையன் யாராச்சும் இருக்காங்களாம்மா?” என்று தலை நிமிராமல் கேட்டார். “இல்லீங்க” என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். கொளஞ்சியப்பரிடம் ஏழு வருஷம் கேட்டு வாங்கின பிள்ளை நீ, உன்னை இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

ஆனால் அந்தப் பணம் வந்த பிறகு நான் மனுஷியாக இருக்கிறேன் என்பதையும் மறைக்கக் கூடாது. தபால்காரர் தனகோட்டி தெரு முனையிலேயே “தனபாக்கியம்” என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார். ராத்திரியில் என் அடுப்பில், எனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்துச் சூடாகச் சாப்பிடுகிறேன். கஸ்தூரியம்மாளிடம் சோறு வேண்டாம், சம்பளம் மட்டும் போதும் என்றதும், “ஏன், எங்க வீட்டுச் சாப்பாடு கசந்துபோச்சா?” என்று முகம் வாடிக் கேட்டார்கள். கலியமூர்த்தி கடையில் முன்பெல்லாம் எல்லாரும் வாங்கிப் போகும்வரை ஓரமாக நிற்பேன், இப்போது “வா அத்த, என்னா வேணும்” என்கிறான். ஐப்பசிக்கு முன்னாலேயே கூரைக்குக் கீற்று மாற்றினேன். மாரியம்மன் செடல் திருவிழாவுக்கு வரி வாங்க வருகிறவர்கள் “அது பாவம், வுடுப்பா” என்று நம் வாசலைத் தாண்டிப் போவார்கள், போன ஆடியில் நான் கூப்பிட்டுக் கொடுத்தேன். நானும் ஒரு தலைக்கட்டு என்று பிரசாதம் வீடு தேடி வந்தது. பணம் பெரிதில்லை கொளஞ்சி, அதை என்ன செய்யலாம் என்று நானே யோசிக்கிறேன் பார், அது எனக்குப் புதிது.

இதற்கு நான் கொடுத்த விலையையும் கேள். தெருவில் யாரும் இப்போது என்னைக் கொளஞ்சி அம்மா என்று கூப்பிடுவதில்லை. யாரும் சொல்லிவைக்கவில்லை, என் நன்மைக்காக அவர்களாகவே விட்டுவிட்டார்கள். பேரன் பிறந்த சேதி வந்த அன்று அந்தப் பணத்தில்தான் சர்க்கரை வாங்கினேன், தெருவுக்குக் கொடுக்க முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு வள்ளியம்மாளுக்கும் தமயந்திக்கும் மட்டும் கொடுத்தேன். மிச்சத்தை எறும்பு தின்றது.

நீ வரப்போகிற சேதி எப்படியோ கசிந்து சக்கரபாணி காதுக்குப் போய்விட்டது. அவன் அம்மா மாணிக்கம்மாளும் மனு போட்டாள், பிள்ளை கூடவே இருக்கிறான் என்று தள்ளிவிட்டார்கள். கடை வாசலில் நாலு பேர் முன்னால், “எங்கம்மாவுக்கு நான் இருக்குறேன்னு இல்லேன்னுட்டாங்க, ஒம் புள்ள மட்டும் எங்க காத்துல கரைஞ்சி பூட்டானா அத்த? வரட்டும், மொத ஆளா நானே தாலுக்கா ஆபீஸ்ல போயி சொல்லிட்டு வரேன்” என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொல்வது நியாயம்தானே. வெற்றிலைக்குக்கூட மருமகளிடம் கை நீட்டுகிறாள் மாணிக்கம்மாள், என்னைப் பார்த்தால் சிரிப்பாள், அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பென்ஷனை விட்டுவிடு அம்மா, நான் அனுப்புகிறேன் என்று நீ சொல்வாய். நல்ல மனதோடுதான் சொல்வாய். ஆனால் நீ அனுப்பிய காலத்தில் நான் வாசலைப் பார்த்தபடியே இருந்தேன், பிள்ளைக்கு என்ன ஆனதோ, மறந்துவிட்டானோ என்று பணம் வராத நாளெல்லாம் புழுங்கினேன். இந்தப் பணம் ஒருநாள் தள்ளி வந்தாலும் எனக்கு யார் மேலும் வருத்தம் வருவதில்லை. பெற்றவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான், சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. இன்னொரு தடவை ஷிப்ட் பார்த்துச் சாப்பிட எனக்குத் தெம்பு இல்லையப்பா.

அதனால் நீ வடக்குத்துக்கு வர வேண்டாம். விருத்தாசலத்தில் இறங்கி நேராக மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வந்துவிடுங்கள். காடாம்புலியூருக்கு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறி வருகிறேன். வருகிற தேதியை மட்டும் சரியாக எழுது, கருணாகரன் பெயருக்கே எழுது. செங்கமலம் என்ன நிறப் புடவை கட்டி வருவாள் என்பதையும் எழுது, என் மருமகளை நான் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். குழந்தைக்கு மொட்டைத் தலையில் வெயில் படாமல் இருக்க ஒரு குல்லா வாங்கி வைத்திருக்கிறேன். இவ்வளவு தூரம் ரயிலில் வருகிறீர்கள், தண்ணீரைக் காய்ச்சி எடுத்துக்கொள்ளுங்கள், கண்ட இடத்தில் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் கைத்தொழில் உனக்குச் சோறு போட வேண்டும், என் பேரன் தமயந்தி மாதிரி படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தக் கோயிலுக்கு நம் ஊர்க்காரர்கள் எந்நேரமும் வருவார்கள். செங்கமலத்தின் முகமும் குழந்தையின் முகமும் இங்கே யாருக்கும் தெரியாது, அவளே குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைக்கட்டும், யார் பார்த்தாலும் பயமில்லை. உன் முகம்தான் எல்லாருக்கும் தெரியும். நீ மட்டும் கொஞ்சம் தள்ளி நில், என் பக்கம் பார்க்காதே. நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ம. தனபாக்கியம்