நூற்று எண்பது கிராம்

அன்புள்ள மகனுக்கு,

பேச வேண்டிய ஒரே நிமிடத்தில் ஒருத்தி ஏன் வாயை மூடிக்கொள்கிறாள்? காலையிலிருந்து என்னையே இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் உடம்பும் வேலையும் ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, மாடிக் குழாயின் ஒழுகல்தான் குறையவில்லை. நான் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன். அடுப்பை அணைத்தேனா என்று இதோடு மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன்.

உன் தங்கையின் கல்லூரிக் குழு நம் வீட்டுப் பின்பக்கம் கல் செய்வதைச் சொல்லியிருந்தேன் அல்லவா. பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து சிமெண்டோடு கலந்து, எடை குறைந்த சுவர்க்கல். நான்கு பேர். உன் தங்கை, கலவையைப் பிசைந்து அச்சில் போடும் நெட்டையன், எல்லோரையும் அதட்டி வேலை வாங்கும் ஒருவன், அவனுக்கு இவர்கள் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை, அப்புறம் குருவி. குருவி என்பது அந்த ஒல்லிப் பெண். தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, காயும் கற்களை எடைபோட்டு நோட்டில் எழுதி, அதையே நம் கணினியிலும் ஏற்றிவிட்டுப் போவாள். இருபத்தொரு நாள், ஒரு நாள்கூடத் தவறவில்லை.

வியாழக்கிழமை கடைசி எடையையும் ஏற்றிவிட்டு அவள் போன பிறகு கணினியைத் திறந்து பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கச் சொல்லவில்லை. தராசின் மேல் எவர்சில்வர் தட்டு இருந்தது, அட்டவணையில் தட்டின் எடைக்கு இடமே இல்லை. நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தில் தட்டின் எடையைத் தனியாக எழுதாதவரை வேலைக்கே லாயக்கில்லை என்போம். தட்டை நிறுத்துப் பார்த்தேன், நூற்று எண்பது கிராம். பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று நானே முடிவுகட்டி, அத்தனை எண்ணிலும் அதைக் கழித்து வைத்தேன். சொல்லவும் இல்லை, சொன்னால் அந்தப் பெண்ணுக்குச் சங்கடம் என்று நினைத்தேன். நீ விளையாடப் போன நேரத்தில் உன் பள்ளிக் கட்டுரைகளைத் திருத்தி வைத்தவள்தானே நான்.

இன்று நால்வரும் கூடி நோட்டையும் கணினியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கணக்குப்பிள்ளை கொதித்துவிட்டான். எல்லாத்துலயும் கரெக்டா நூத்தி எண்பது குறையுது, கல்லு லேசுன்னு காட்டக் கதை கட்டினியா, இனி உன் நோட்டை மட்டும் எப்படி நம்புறது என்று கேட்டான். குருவி அழுகையோடு, தட்ட வெச்சு பூஜ்யம் பட்டனை அழுத்திட்டுத்தான் கல்லையே வைக்கிறேன், நான் எதுக்குடா மாத்தணும் என்றாள். அதை அழுத்தினால் தட்டின் எடையைத் தராசே கழித்துவிடுமாம், அந்தப் பட்டனை நான் கவனித்ததே இல்லை. சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். நெட்டையன், கத்தாதடா, அவ பொய் சொல்ற ஆளில்ல என்றான். அதற்குக் கணக்குப்பிள்ளை, அப்ப என்ன, பூதம் வந்து மாத்திச்சா என்றான். பூதம் வடிகட்டியும் கையுமாக நின்றது. உன் தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை, என் மகள் அல்லவா. அறிக்கையிலிருந்து குருவியின் பெயரை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அவள் நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீயைத் தொடாமல் போய்விட்டாள். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை, அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் வீண். நான் டம்ளர்களைக் கழுவி வைத்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். ஊரார் தப்புக்கெல்லாம் பூதக்கண்ணாடி வெச்சிருப்பியே, உன் தப்புன்னா மட்டும் கண்ணாடி எங்கயோ போயிடுதா என்று சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது. இருபத்து நான்கு வருடப் பரிசோதனைக்கூட அனுபவம் பிள்ளைகள் முன்னால் பல்லிளிக்கும் என்ற பயமா என்றால், அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. நாளை பத்து மணிக்கு மூவரும் இங்கே மறுபடி கூடுகிறார்கள். சொல்லிவிடுவேன் என்று உனக்கு எழுதிவிட்டால் சொல்லித்தான் தீர வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு. கண் மருத்துவரைப் பார் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறேன், இந்த வாரமாவது போ. எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும், நிம்மதியாக இரு.

அன்புடன்,
அம்மா

ஞாயிறு மாலை. உறையை ஒட்டவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். பத்து மணிக்கு, உட்காராமலே, சொல்லிவிட்டேன். அம்மா, நீயா என்றாள் உன் தங்கை, அவ்வளவுதான். கணக்குப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி என்றான். அவனும் உன் தங்கையும் குருவி வீட்டுக்குப் போய் அழைத்துவர ஒரு மணி நேரம் ஆயிற்று. அவன் வாசலிலேயே மறுபடி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான், அதெல்லாம் அப்புறம், வேலையைப் பாரு என்று குருவி அடக்கினாள். அவள் நோட்டை வாசிக்க, அவன் ஏற்ற, நெட்டையன் ஒவ்வொரு கல்லையும் தட்டோடும் தட்டில்லாமலும் நிறுத்துக் காட்ட, உன் தங்கை சரிபார்த்தாள். நான் பக்கத்தில் போனேன். ஆன்ட்டி, நீங்க தராசைத் தொடாதீங்க என்றாள் குருவி, மரியாதையாகத்தான் சொன்னாள். நோட்டில் ஒரு பிழையும் இல்லை. கல்தான் இவர்கள் ஆசைப்பட்ட அளவு லேசாக இல்லை, அதை அப்படியே எழுதுவது என்று நால்வரும் ஒப்புக்கொண்டார்கள். எதிர்பாராமல் வந்த சிக்கல்கள் என்று அறிக்கையில் ஒரு பக்கம் உண்டாம். அதைக் குருவி எழுதி, அச்செடுத்து, என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் எங்களைக் கேட்காமலே எங்கள் அளவுகளை மாற்றிவிட்டார் என்று தொடங்கியிருந்தது. நான்காவது வாக்கியம் தேவைக்கு மேல் நீளம், பேனாவை எடுத்தேன். அதுல கை வைக்காதீங்க ஆன்ட்டி, கீழே கையெழுத்து மட்டும் போடுங்க என்றாள். போட்டேன்.