பக்கத்துக் கட்டில்

அன்புத் தம்பிக்கு,

எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சையை இருவரும் ஒரே நாளில் செய்துகொள்ளலாம் என்றாய். செருப்பு வாங்கி வருவதாகப் போனவன், நேரே வீட்டுக்கே போய்விட்டாயாம்.

ஒரு விசித்திரம் கேள். இரைப்பையைத்தான் வெட்டிச் சுருக்கினார்கள், வலியோ தோளில்! கடைசி பெஞ்சில் குறும்பு, முதல் பெஞ்சில் அழுகை என்பது போல. அறுவையின்போது வயிற்றை உப்பவைக்க உள்ளே செலுத்திய வாயுவின் வேலையாம்.

"நடந்தாதான் போகும், எழுந்திருங்க டீச்சர்" என்றாள் நர்ஸ்.

"தையல் பிரிஞ்சுட்டா?"

"தலையணைய வயித்தோட அணைச்சுக்குங்க. எத்தனை பேரை பெஞ்சு மேல ஏத்துனீங்க, இப்ப நீங்க எறங்குங்க!"

ஜன்னல்வரை போய்த் திரும்பினேன், தோள் லேசாகியிருந்தது. நிஜந்தானா என்று மறுபடியும் நடந்து பார்த்தேன்.

படியேறும்போது உனக்கு மூச்சு வாங்குவது எனக்கு இங்கேயும் கேட்கிறது. பக்கத்துக் கட்டிலை டாக்டர் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. வரும்போது வீட்டுத் தலையணையைக் கொண்டு வா. இங்குள்ளது அணைக்கப் போதாது.

மெல்ல நடக்கும்,
உன் அக்கா