உப்பளத்து ஆதிரையின் கல்விக் கட்டணம் குறித்து

மேகம் தங்கும் மலைகளும் வற்றாத சுனைகளும் உடைய கருங்குன்ற நாட்டை நெறி பிறழாது ஆளும் வேள் மலைமாறர் திருமுன்பு, வெண்மணல் நாட்டரசன் கடலன் சேந்தன் விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளும் கன்றுகாலிகளும் நலமுடன் வாழ்க. நம் ஓலைநாயகம் எழுதியிருந்தால் இன்னும் பத்து வாழ்த்துகள் சேர்ந்திருக்கும். இதை நாமே எழுதுகிறோம். எழுத்தாணி நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, பொறுத்தருள்க.

நம் தந்தையர் காலத்தில் நான்கு நாட்டரசரும் கூடிச் செய்த உடன்படிக்கை தாங்கள் அறிந்ததே. தன் நாட்டில் இல்லாத கல்வியைத் தேடி அடுத்த நாட்டு அரச கல்விச்சாலைக்குச் செல்லும் மாணவரிடம், அந்நாட்டுப் பிள்ளைகள் செலுத்தும் கட்டணத்தையே பெற வேண்டும். பிற அயலாரிடம் வாங்கும் மும்மடங்கைக் கேட்கலாகாது. அதற்காக மாணவரின் நாடு, இக்கல்வி எம்மிடம் இல்லை என்று ஆண்டுதோறும் எழுதி முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். இல்லை ஓலை என்று அதற்குப் பெயர்.

எங்கள் உப்பளங்களில் வெயில் கண்ணைத் தின்கிறது. உப்பு அள்ளுவோர் பலர் நாற்பது வயதில் தடவித் தடவி நடக்கிறார்கள். அவர்களில் ஒருவனான பூதனின் மகள் ஆதிரை, கண் மருத்துவம் கற்கத் தங்கள் கல்விச்சாலையில் சேர்ந்து ஈராண்டு முடித்தாள். எஞ்சியது ஓராண்டு. இம்முறை நமது இல்லை ஓலையைத் தங்கள் சாலைத் தலைவர் ஏற்கவில்லை. வரும் முழுநிலவுக்குள் மும்மடங்கு கட்டாவிட்டால் வெளியேற வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

அவர் காட்டும் சான்று நம் எல்லைக்கல். சென்ற ஆண்டு நம் அவைப்புலவர் எழுதி அதில் பொறித்த மெய்க்கீர்த்தியில், ‘இல்லாத கல்வி ஒன்றில்லாத நாடன்’ என்று நம்மைப் புகழும் ஓர் அடி உண்டு.

“ஓலை இல்லேங்குது. உங்க ராசா இருக்குன்னு கல்லுல வெட்டி வச்சிருக்காரு. நான் எதைம்மா நம்புறது?” என்று சாலைத் தலைவர் கேட்க, கூடியிருந்தோர் சிரித்தனராம். “நான் பொறந்து வளந்த ஊருய்யா அது. அங்க கண் வைத்தியம் இருந்திருந்தா எங்கப்பன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன். இம்புட்டு மலை ஏறி உங்ககிட்ட வந்து நிப்பனா?” என்றாளாம் ஆதிரை. நம் தூதன் அருகிலிருந்து கேட்டு வந்து உரைத்தது இது.

அவள் சொன்னதே உண்மை. கல் சொன்னது பொய். அந்தப் பொய்யைக் கேட்டு மகிழ்ந்து பொன்முடிப்பு கொடுத்தவன் நாமே.

மும்மடங்கையும் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்றார் நம் அமைச்சர். கட்ட மாட்டோம். இன்று இவளுக்காகக் கட்டினால், அரசன் கண்ணில் படாத எந்தப் பிள்ளைக்கும் நாளை எந்த நாட்டுச் சாலையும் திறவாது. உடன்படிக்கை அன்றோடு செத்தது.

ஆகவே நேற்று நாமே எல்லைக்குச் சென்று, அவையோர் காண, கல்தச்சரைக் கொண்டு அந்த அடியைச் செதுக்கி எடுத்தோம். புலவர் நம்மோடு பேசுவதில்லை, போகட்டும். உதிர்ந்த கற்சில்லுகள் இத்தூதன் கையிலுள்ள பேழையில் உள்ளன. அவற்றைச் சாலைத் தலைவரின் முன்னே கொட்டச் சொல்லுங்கள். இப்போது ஓலையும் கல்லும் ஒன்றையே சொல்கின்றன.

தங்கள் நாட்டுப் பிள்ளைகள் பதினெழுவர் எங்கள் துறைமுகத்துச் சாலையில் மரக்கலம் கட்டக் கற்கிறார்கள். அக்கல்வி தங்களிடம் இல்லை என்று ஆண்டுதோறும் எழுதுகிறீர்கள். நாம் மலையேறி வந்து கடல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்ததில்லை. ஆதிரையைத் தாங்கள் வெளியேற்றினாலும் அவர்களிடம் ஒரு காசு கூடுதலாகக் கேளோம். அறுவடைக்கு வீடு திரும்பும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியவர் தாங்கள்.

தங்களுக்குக் கட்டளையிட நமக்கு உரிமையில்லை. நம் நாட்டுக்கு இடுகிறோம்: அந்த அடி இருந்த குழியை எவரும் பூசலாகாது, வேறு புகழும் பொறிக்கலாகாது. ஆதிரை கற்றுத் திரும்பி, உப்பளத்தான் ஒருவனுக்கு முதன்முதலாகப் பார்வை தரும் நாளில் அவள் பெயர் அங்கே ஏறும். அதுவரை வருவோர் போவோர் எல்லாரும் நம் குழியைப் பார்த்துச் செல்லட்டும்.

முழுநிலவன்றும் அவள் தன் வகுப்பில் அமர்ந்திருப்பாள் என்று கொண்டு, உப்புக்குவியல் முத்திரையை நம் கையாலேயே இட்டோம்.

கடலன் சேந்தன்