சேமிக்கப்பட்டது

துகுயு,
ஜூலை 2, செவ்வாய்

அன்பு மகள் துசெகிலேவுக்கு,

நீயும் மாப்பிள்ளை குவாகிசாவும் டாங்காவில் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. போனில் பேசலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் எழாது என்று தெரியும். தாளில்கூடப் பயந்துபோய்ப் பாதியில் வேறு பேச்சுக்கு நழுவிவிடுவேன். அதனால் சொல்ல வேண்டியதை முதலில் வரிசை போட்டுக்கொண்டேன்.

1. வீட்டு நிலவரம்.
2. அந்தக் குறுஞ்செய்திகள் உன் போனுக்கு எப்படி வந்தன என்பது. அது முழுக்க என் தவறு. ஆஸ்பத்திரியில் வேறு யாருடைய தவறும் இல்லை.
3. அவை உன் மனத்தைப் புண்படுத்தின. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்பது.
4. இனி அவை வராது என்று உறுதி சொல்வது.

முதலாவது. இங்கே குளிர் இந்த ஆண்டு அதிகம். காலை பத்து மணிவரை பனி விலகுவதில்லை. தேயிலைத் தோட்டம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பின்பக்கக் கூரை ஒழுகியதைச் சரிசெய்துவிட்டோம். நீ விட்டுப்போன துணிகளை எல்லாம் அவள் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். குழந்தையை முதுகில் கட்டும் பச்சைத் துணியை மட்டும் உள்ளே வைக்கவில்லை. குளிருக்கு என்று சொல்லித் தோளில் போட்டுக்கொள்கிறாள். அவளிடம் இரண்டு கம்பளிச் சால்வைகள் இருக்கின்றன. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்.

கூட்டுறவுச் சங்கத்தின் கணினிப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தேன். முதலில் சி பிளஸ் பிளஸ், பிறகு ஜாவா. ஓய்வு பெற்ற பிறகு, தாய்மார்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் நிரலைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மிஷன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் கேட்டார். அதை எழுதிய இருவரும் தார் எஸ் சலாமுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அது எலிக்ஸிர் என்ற மொழியில் இருந்தது. ஒரு மொழி தெரிந்தவனுக்கு இன்னொன்று பத்து நாள் வேலை என்று நான் டாக்டரிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் துணிந்து சொன்ன சில வாக்கியங்களில் அது ஒன்று. நான்கு மாதம் ஆனது. உன் அம்மா அப்போது சொன்னது உனக்கு நினைவிருக்கும்: "துசெகிலே அப்பா, இருக்கிற மொழியிலயே உங்களுக்குப் பேச்சு வராது. இன்னொண்ணு எதுக்கு?"

ஜாவாவில் ஒரு குழந்தையின் பதிவு என்றால், அது பதிவேட்டின் ஒரு பக்கம் மாதிரி. எடை கூடினால் அதே பக்கத்தில் பழையதை அடித்துப் புதியதை எழுதுவோம். யார் எங்கிருந்து பார்த்தாலும் அதே பக்கம்தான் தெரியும். புதிய மொழியில் எதையும் அடிக்க முடியாது. எழுதியது எழுதியபடியே இருக்கும். மாற்றம் வேண்டும் என்று கேட்டால், அந்த மாற்றத்தோடு வேறொரு பக்கத்தை எழுதி உன் கையில் நீட்டும். வாங்கிக்கொள்வது உன் பொறுப்பு. வாங்காவிட்டால் அது கீழே விழுந்துவிடும். உன்னிடம் பழைய பக்கம்தான் இருக்கும். இதை முதல் நாளே படித்தேன். நோட்டில் எழுதிச் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன். ஆனால் படித்தது தலைக்குத்தான் போனது. முப்பத்தோரு ஆண்டு பழகிய கை பழகியபடியேதான் எழுதியது.

ஜனவரியில் டாக்டர் ஒரு புதிய பகுதி கேட்டார். ஒரு குழந்தை இறந்துபோனால் அதைக் குறித்து, அந்தத் தாய்க்கு நினைவூட்டல் போகாமல் நிறுத்த வேண்டும். அதுவரை அதற்கு வழி இல்லை. அந்த மொழியில் நானாக எழுதிய முதல் பகுதி அது. பதினொரு வரி. அதை எழுதிய வாரத்தில் ஒருநாள் குழந்தைகள் பிரிவு நர்ஸ் லுசாஜோ அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, பொட்டி முன்னாடி கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? அது பாஸ்டர் இல்ல, பாவமன்னிப்பெல்லாம் குடுக்காது" என்றாள். நானும் சிரித்தேன்.

ஆறாவது வரியில், "இந்தக் குழந்தை இறந்துவிட்டது என்று குறி" என்று சொல்லியிருந்தேன். அது குறித்து, புதிய பக்கத்தை நீட்டியது. நான் வாங்கவில்லை. ஏழாவது வரியில் பழைய பக்கத்தையே கொடுத்து, "சேமி" என்றேன். அது சேமித்தது. கொடுத்ததைத்தானே சேமிக்கும். திரையில் "சேமிக்கப்பட்டது" என்று வந்தது. சோதித்தபோது அந்தச் சொல்லை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தேன். பதிவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் நம் இப்யானா போன பிறகு, அவன் பதிவைத் தானே போடுவதாக லுசாஜோ அம்மா சொன்னாள். வேண்டாம், நான் போடுகிறேன் என்றேன். அந்தப் பகுதியை முதன்முதலாகப் பயன்படுத்தியது நான்தான். தேதியை எழுதினேன். வயது நான்கு மாதம், ஆறு நாள். பொத்தானை அழுத்தினேன். சேமிக்கப்பட்டது. மறுபடி திறந்து பார்க்க அன்று எனக்குத் தைரியம் இல்லை, துசெகிலே.

அதனால் அந்தக் கணினிக்குள் அவன் மாதாமாதம் வளர்ந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு மாதமும் முதல் வியாழனுக்கு இரண்டு நாள் முன்னால் உனக்குச் செய்தி போனது. ஜூன் மாதம் வானொலிப் பெட்டி பக்கத்தில் உன் போன் சார்ஜில் இருந்தபோது என் கண்ணில் பட்டது. "இப்யானா அம்மா, இந்த வியாழன் இப்யானாவுக்கு எடை பார்க்கும் நாள். அட்டையைக் கொண்டுவரவும்." முதலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். மேலே நகர்த்திப் பார்த்தேன். மே, ஏப்ரல், மார்ச்.

ஆறாவது வரியைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. இப்யானாவுக்குப் பிறகு இன்னும் மூன்று குழந்தைகள் அப்படி இருந்தார்கள். நானும் லுசாஜோ அம்மாவும் மூன்று வீட்டுக்கும் போனோம். முதல் வீட்டில் அந்தப் பெண் வெளியே வரவே இல்லை. இரண்டாவது வீட்டில் கணவன் வாசலிலேயே நிறுத்தி, "செத்த புள்ளைக்கு எடை பாக்கக் கூப்பிடறீங்களே, உங்க வீட்ல சாவே விழுந்ததில்லையா?" என்று கேட்டான். லுசாஜோ அம்மா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். மூன்றாவது வீட்டுப் பெண் போனை என்னிடமே கொடுத்து, "நீங்களே அழிச்சிடுங்க, என்னால அதத் தொட முடியல" என்றாள். இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாவது முறைதான் அழித்தேன்.

மூன்றாவது. அந்த மூன்று வீட்டையும் பார்த்த பிறகுதான், நான்கு மாதமாக நீ என்ன பட்டிருப்பாய் என்று எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாய். அப்பா எழுதிய நிரல் என்று தெரிந்துதான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் அந்த ஞாயிறு காலை தேநீர் குடிக்கும்போது, என்னால் முடிந்த அளவு தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, "இனிமே அந்த மெசேஜ் வராதும்மா. அப்பா நிறுத்திட்டேன்" என்று சொன்னேன். நீ கோப்பையைக் கீழே வைத்தாய். என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் விடியற்காலைப் பேருந்துக்கு நீ கிளம்பிவிட்டாய் என்று உன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அடக்கம் முடிந்த வாரம் நான் அக்கம்பக்கம் எல்லாம் போனேன். பதினொரு வீடு. பட்டியல் எழுதிக்கொண்டு போய், இனி உன்னை இப்யானா அம்மா என்று யாரும் கூப்பிட வேண்டாம், துசெகிலே என்றே கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் உன்னைக் குத்துமே என்று. எதிர்வீட்டுக்காரி, "ஏன் பெரியவரே, புள்ள போயிட்டா தாய் இல்லேன்னு ஆயிடுமா?" என்றுகூடக் கேட்டாள். தயவுசெய்து என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். எல்லாரும் என் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தார்கள். ஊர் அடங்கியது. என் நிரல் மட்டும் அடங்கவில்லை. மாதாமாதம் உன்னை அதே பெயரால் கூப்பிட்டிருக்கிறது. என்னை மன்னித்துவிடு, அம்மா.

நான்காவதை நாளை எழுதுகிறேன். கை வலிக்கிறது. உன் அம்மாவும் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

ஜூலை 4, வியாழன்

நேற்று எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. இன்று எடை பார்க்கும் நாள். காலையில் பெயர்ப் பட்டியல் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். நான்கு பெயர்களும் இல்லை. இந்த முறை பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சரியாக இருந்தன.

பதினொரு மணி இருக்கும். லுசாஜோ அம்மா என் அறைக்கு வந்து நின்றாள். "என்ன பெரியவரே, பொண்ணு இன்னிக்கு வரலையே, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். டாங்காவுக்குப் போய்விட்டாள், அவள் எதற்கு இங்கே வர வேண்டும் என்றேன்.  லுசாஜோ அம்மா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

மார்ச் மாதம் நீ அட்டையோடு வந்து, மற்றத் தாய்மார்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாயாம். கூட்டத்தில் அவள் உன்னைக் கவனிக்கவில்லை. பட்டியலில் இருந்த பெயரை அப்படியே வாசித்து, "இப்யானா அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறாள். நீ எழுந்து, "இருக்கேன் சிஸ்டர்" என்றாயாம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உன்னை உள்ளே அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். நீ அழவில்லையாம். "பரவாயில்ல சிஸ்டர். அடுத்த மாசமும் கூப்பிடுங்க. வீட்ல யாரும் கூப்பிடறதில்ல. அப்பா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டாரு" என்றாயாம்.

இறப்பைக் குறித்த பிறகும் பட்டியலில் பெயர் எப்படி வருகிறது என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கேட்டால் நான் சரிசெய்துவிடுவேன் என்று கேட்கவில்லையாம். ஏப்ரலிலும் மேயிலும் ஜூனிலும் அவள் கூப்பிட்டிருக்கிறாள், நீ எழுந்திருக்கிறாய். மற்ற மூன்று தாய்மார்கள் வரவில்லை, நீ வந்தாய். "இன்னிக்கு லிஸ்ட்ல பேரு இல்ல பெரியவரே. வாய்ப் பழக்கத்துல கூப்பிட்டுட்டேன். யாரும் எந்திரிக்கல" என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். "பின்ன மாசாமாசம் அந்த வியாழக்கிழமை அவ சந்தைக்கா போறான்னு நெனச்சீங்க? ஒரு தடவையாவது கையில வாழைக்காயோட வந்தாளா?" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க யாரையும் கேக்கவே இல்லையே. பட்டியல் எழுதிட்டுக் கெளம்பிட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பச்சைத் துணி அவள் தோளில் இருந்தது.

மதியம் எதிர்வீட்டுக்காரியிடம் போனேன். நான் கேட்டுக்கொண்டது பிசகு என்று அவளிடம் சொன்னேன். அவள், "இதுக்கும் பட்டியல் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். கொண்டுபோயிருந்தேன். மற்றப் பத்து வீட்டுக்கு நாளையும் நாளை மறுநாளும் போவேன்.

நான் வகை பிரித்தே பழகியவன், மகளே. ஜாவாவில் முதலில் வகையை எழுதுவோம். பிறகு அதில் வருகிற எல்லாரும் அந்த வகைப்படிதான் நடப்பார்கள். குழந்தையை இழந்த தாய் என்று ஒரு வகை எழுதி, மூன்று வீட்டில் கண்டதை வைத்து உன்னையும் அதில் சேர்த்துவிட்டேன்.

நான்காவதாகச் சொல்ல நினைத்தது அப்படியேதான் இருக்கிறது. செய்திகள் இனி வராது. அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. இல்லாத குழந்தையை ஆஸ்பத்திரிப் பதிவேடு இருப்பதாகக் காட்டக் கூடாது. அந்த எண்ணிக்கையை நம்பித்தான் மருந்து வருகிறது. ஆனால் லுசாஜோ அம்மா உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். "எந்த வியாழக்கிழமை வேணா வரட்டும். எனக்கு லிஸ்ட் வேண்டாம்." அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

நானும் உன்னை அந்தப் பெயரால் கூப்பிட வேண்டும். இன்று மாலை பின்பக்கம் போய், யாரும் இல்லாதபோது, சொல்லிப் பார்த்தேன். முதல் பாதிவரை வந்தது. நீ வருவதற்குள் பழகிக்கொள்வேன். வருவாய் அல்லவா? மாப்பிள்ளைக்கு விடுமுறை கிடைத்தால் இருவருமாக வாருங்கள். கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. கடல் காற்று உனக்கு ஆகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் ஆண்டவர் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை வேறு தாளில் திருத்தி எழுதலாம் என்று எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஐந்து மாதமாக உன் அப்பா எதை நம்பிக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியட்டும். மூன்றாவதாக எழுதியது தவறு. அந்தச் செய்திகள் உன்னைப் புண்படுத்தவில்லை.

உன் அப்பா,
அனங்கிஸ்யே