மகாராணியின் தொண்டையில் சிக்கிய துணி

என் செல்லச் சண்டைக்காரி ரேவதி அக்காவுக்கு,

முதல் செய்தி, உன் கார் ஓடுகிறது. இரண்டாவது செய்தி, உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் அதைவிட வேகமாக ஓடுகிறது. நம் ஊர்ப் பெயரிலேயே நெருப்பும் இருக்கிறது, எரிச்சலும் இருக்கிறது. நெருப்பெரிச்சலில் பதினேழு வருஷமாகக் குடியிருந்தும், அந்தப் பெயரின் அர்த்தம் இந்த நாலு மாசத்தில்தான் எனக்குப் புரிந்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பாதிக்கிற பெண்கள் தங்கம் வாங்குவார்கள், ஸ்கூட்டி வாங்குவார்கள். எங்கள் அக்கா, என்னைவிட இருபது வயசு மூத்த ஒரு பியட் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் ஆறு நாள் நிற்பாள். ஏழாவது நாள் காருக்கு அடியில் படுப்பாள். அதுதான் அவளுக்கு ஓய்வு.

நீ அதற்கு வைத்த பெயர் மகாராணி. நான் வைத்த பெயர் மக்கர்ராணி. தெருவுக்கு என் பெயர்தான் பிடித்தது, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஸ்பார்க் பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து உன் விரல் நகமெல்லாம் கருப்பாகவே இருக்கும். "பொண்ணு பாக்க வர்றவங்க மொதல்ல கையத்தான் பாப்பாங்க, கை பூரா கிரீஸா வெச்சிருந்தா என்னன்னு சொல்றது?" என்று அம்மா புலம்புவாள். "நல்லதுதானுங்கம்மா, மோதிரம் வழுக்கிட்டு ஏறும்" என்பாய். வாய் மட்டும் உனக்கு மக்கர் பண்ணியதே இல்லை.

கம்பெனியில் துணியில் ஓட்டையோ கறையோ தெரிந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட குட்டி ஸ்டிக்கரை ஒட்டுவீர்கள். சரி செய்கிறவர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அம்பைப் பார்த்தால் போதும். அந்த ஸ்டிக்கரில் ஒரு கட்டைக் கேட்டு வாங்கி வந்து காருக்கும் ஒட்டினாய். துரு பிடித்த இடத்தில் ஒன்று, ஆயில் கசிகிற இடத்தில் ஒன்று. தூரத்தில் இருந்து பார்த்தால் மகாராணிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தாய். பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற கார்புரேட்டரைக் கழற்றினால் அதற்குக் கீழே இன்ஜின் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நட்டோ மண்ணோ உள்ளே விழுந்துவிடக் கூடாது என்று பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி அந்த வாயில் அடைப்பாய். மற்ற ஊர்க்காரர்கள் எதை வைத்து அடைப்பார்களோ தெரியாது, நமக்கு வெட்டித் தள்ளிய துணிக்கா பஞ்சம்? அடைத்த கையோடு பக்கத்தில் ஒரு அம்பு ஒட்டி, அதில் பேனாவால் 'துணி' என்று எழுதுவாய். அதை எடுக்க மறந்து மேலே கார்புரேட்டரை மாட்டிவிடக் கூடாது பார்.

ஐப்பசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை. கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஒரு பேசினில் வைத்தாய். வாயை அடைத்தாய். அம்பு ஒட்டினாய். "ஒடம்பு என்னமோ அசத்துது" என்று ஒரு மாத்திரையை முழுங்கிவிட்டு ஹாலில் வந்து படுத்தாய். பகலில் படுக்கிற ஆளா நீ?

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. காரில் இருந்த அம்புகளை ஒவ்வொன்றாக உரித்துக் கொண்டுவந்து, தூங்கிக்கொண்டிருந்த உன் முகம் முழுக்க ஒட்டினேன். மூக்கில் ஒன்று, கன்னத்தில் இரண்டு, நெற்றியில் ஒன்று. போனில் போட்டோ எடுத்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாகூடச் சிரித்தார். கண்ணைத் திறந்து போட்டோவைப் பார்த்துவிட்டு, "மொத்த பீஸும் ரிஜெக்ட்டா புள்ள?" என்று நீயும் சிரித்தாய்.

உன் நெற்றி சுட்டது. ஒட்டும்போது என் விரலுக்குத் தெரிந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உம்மேல தோசை வாக்கலாம்க்கா." எல்லோரும் மறுபடியும் சிரித்தோம்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இருக்கட்டும். இப்போது உன் முறை. "ஷிப்மென்ட் போயிரட்டும், அப்பறம் டாக்டர்கிட்டப் போறேன்" என்று திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேலைக்குப் போனாயே, அது எந்த ஊர் நியாயம்? காரில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் ஒரு கோடு ஏறினால் நடு ரோட்டில் நிறுத்தி பானெட்டைத் திறக்கிறவள் நீ. பின்னால் பஸ்காரன் திட்டினாலும் நகர மாட்டாய். உன் முள் ஏறினபோது ஏன் நிறுத்தவில்லை? வியாழக்கிழமை செக்கிங் டேபிள் மேலேயே சாய்ந்தாய். டெங்கு என்றார்கள். முன்னாடியே வந்திருக்கலாமே என்றார்கள். சனிக்கிழமை நீ இல்லை. ஷிப்மென்ட் மட்டும் சரியான நேரத்துக்குப் போய்விட்டது. சந்தோஷம்தானே?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பா பேசினைத் தூக்கிக்கொண்டு காரிடம் போனார். நிட்டிங் மெஷின் ஃபிட்டர் இல்லையா, எந்த மெஷினும் அவர் கை பட்டால் ஓடும் என்று தெருவில் பேச்சு. நீ இருந்தவரை உன் காரைத் தொடாதவர், கார்புரேட்டரை மாட்டினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது, எடுக்கவில்லை. பேட்டரி சாகிற வரைக்கும் திருப்பினார். பிறகு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "இதும் அவகூடவே போயிருச்சு" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் ஊரையே சுற்றி வந்தது. வந்த சொந்தமெல்லாம் காரைத் தொட்டுக் கும்பிட்டது. "வாயில்லா வண்டிக்குக்கூட எவ்வளவு பாசம் பாருங்க." அம்மா தினமும் பானெட் மேல் பூ வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்ஜினுக்கு ஏது துக்கம்? துக்கப்படுகிற நான் தின்று தூங்கி எழுந்து பரீட்சை எழுதுகிறேன், இரும்பு மட்டும் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறதாம்.

பாசத்தின் பேரில் கும்பிட்ட அதே சொந்தம் அப்புறம் பேச்சை மாற்றியது. செத்தவள் வண்டியை வாசலில் நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்றது. அப்பாவுக்கும் அதைத் தினமும் பார்க்க முடியவில்லை. முதலிபாளையத்தில் இருந்து பழைய இரும்புக்காரரை ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம், நாலு மாசமாகத் திறக்காத அந்தப் போட்டோவைத் திறந்தேன். காருக்குத்தான் வக்காலத்து வாங்க முடியவில்லை, உன் முகத்தையாவது பார்க்கலாம் என்று. விரலை வைத்துப் பெரிசாக்கினேன். நெற்றியில் இருந்த அம்பில் உன் கோழிக்கிறுக்கலில் எழுதியிருந்தது, 'துணி'.

அப்படியென்றால் துணி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாலு நட்டுக்கு நாற்பது நிமிஷம் ஆனது, சிரிக்காதே. கார்புரேட்டரைத் தூக்கினால் கீழே குழாய்க்குள் கருப்பாக ஏதோ தெரிந்தது. இரண்டு விரலை விட்டு இழுத்தேன். நேவி ப்ளூ காலர் துணி, ஒரு முழம் வந்தது. நாலு மாசமாக நம் வீட்டில் தெய்வமாக இருந்தது இதுதான்.

அதை ஒளித்து வைக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். யார் அம்பை உரித்தது என்ற கேள்வி வருமே. கார் இரும்புக் கடைக்குப் போனால் என் குறும்பும் அதோடு உருகிவிடும். ஆனால் போவது உன் கார்.

ஞாயிறு காலையில் இரும்புக்காரர் கயிற்றோடு வந்து நின்றார். அப்பா சாவியை நீட்டினார். நான் நடுவில் போய்த் துணியை அப்பா கையில் வைத்தேன்.

"இதேது கண்ணு?"

"கார்புரேட்டருக்கு அடியில இருந்துச்சுங்கப்பா. அக்கா அடைச்சு வெச்சது."

அப்பா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் மாட்டறப்போ பாக்கலையே."

"உள்ள எறங்கிருந்துச்சு. அவ அம்பு ஒட்டித்தான் வெச்சிருந்தா. நாந்தான் பிச்சேன். அன்னிக்கு அவ நெத்தியில ஒட்டுனனே, அதுதானுங்க அது."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. திட்டவும் இல்லை. அவர் திட்டியிருக்கலாம் அக்கா. எல்லோரும் இந்த வீட்டில் இப்படியே பேசாமல் இருந்தால் என்னதான் பண்ணுவது?

அப்பா கார்புரேட்டரை மாட்டினார். எதிர்வீட்டு டெம்போவில் இருந்து பேட்டரி வாங்கி வந்தோம். பெட்ரோல் ஊற்றினோம். மூன்றாவது தடவை திருப்பும்போது மகாராணி எடுத்தாள். தெருவெல்லாம் புகை.

இரும்புக்காரர் கயிற்றைச் சுருட்டினார். "ஓடற வண்டிய ஒடைக்கறது பாவமுங்க. ஒரு டீ குடுத்தா குடிச்சுட்டுக் கெளம்பறேன்" என்றார்.

அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். சத்தம் கேட்டு அடுப்படியில் இருந்து வந்தவள், புகையையும் துணியையும் என்னையும் பார்த்தாள். "இத்தன நாளா அது அவளுக்காவத்தான் நிக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன். அதுலதான் எனக்குக் கொஞ்சம் தெம்பே இருந்துச்சு. அதையும் ஏன்டி புடுங்குன?" என்றாள். அவள்தான் என்னை அறைந்தாள். வாங்கிக்கொண்டேன். பானெட் சூட்டில் பூ வதங்கியது. அம்மா எடுக்கவில்லை, நான் எடுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நேற்று, தண்ணீர் வாங்கும்போது அவள் கை என் கையில் பட்டது. சுட்டது. "என்னம்மா?" என்றேன். "ராவெல்லாம் அசதி. ஒரு மாத்திரை போட்டிருக்கறன், செரியாப் போயிரும் சாமி" என்றாள்.

அக்கா, எனக்கு வந்ததே ஒரு கோபம். ஜோக் எதுவும் வரவில்லை, பிறந்ததில் இருந்து முதல் தடவை. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். "செருப்பப் போடுங்க. இப்பவே. அடுப்ப நான் அணைக்கறேன்." அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சாவியை எடுத்தார்.

மகாராணியில் போனோம். அப்பா ஓட்டினார், நானும் அம்மாவும் பின்னால். ரயில்வே கேட்டில் ஒரு தடவை நின்றுவிட்டது, நான் இறங்கித் தள்ளினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தொண்டைப் புண், வேறு ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும், "இதுக்குப் போயி இத்தன ஆர்ப்பாட்டமா?" என்றாள் அம்மா. "ஆமாங்கம்மா, இதுக்குத்தான்" என்றேன். காரில் ஏறினதும் என் தோளில் சாய்ந்துகொண்டாள். வீடு வருகிற வரைக்கும் நிமிரவில்லை.

உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் அது அப்படியே கிடக்கும் போலிருக்கிறது. என் மேல் இருக்கிற கோபத்தைப் பற்றி நான் எழுதவில்லை, உனக்கே தெரியும்.

ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். ஆடி வந்தால் எனக்குப் பதினெட்டு. லைசென்ஸ் எடுத்துவிடுவேன். அதன்பிறகு இந்த வீட்டில் யாருக்கு நெற்றி சுட்டாலும், ஷிப்மென்ட் இருந்தாலும் சரி, தீபாவளியே வந்தாலும் சரி, அந்தப் பின்சீட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவேன். எவ்வளவு திட்டினாலும் வழியில் இறக்கிவிட மாட்டேன்.

உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகாத,
உன் கூடப் பிறந்த தங்கச்சி
மதி