பசறை பஸ்ஸின் ஒன்பது வரிகள்

அன்புள்ள நானா,

உங்கள் கேசட் என் மேசைமேல் கிடக்கிறது. உறையைத் திறந்தால் இன்னும் உங்கள் கடையின் மணம்தான்: சூடேறிய பிளாஸ்டிக்கும் சாம்பிராணியும். ஆனால் அதைச் சொல்ல நான் எழுதவில்லை. நம் பஸ் ஓடுகிறது, நானா! மடிக்கணினித் திரையில், நட்சத்திரக் குறிகளால் ஆன அதே சின்னப் பெட்டி! முதல் தடவை ஓட்டியபோது இரண்டாவது வளைவிலேயே பள்ளத்தில் இறக்கிவிட்டேன். வீட்டில் யாருமில்லை, இருந்தும் கைதட்டினேன்.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே நம்பிக்கை வரும். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உங்கள் ரெக்கோர்டிங் பார். ஊருக்கே மூத்த அண்ணன் என்று உங்களை எல்லோரும் 'நானா' என்போம். கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுப்பீர்கள். உங்கள் தம்பி வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ரப்பர் விசைக் கணினி, யாருக்கும் புரியாமல் அலமாரியில் கிடந்தது. தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்த நான் பாட்டுப் பதிய வந்தேன். மறித்துப் பிடித்தீர்கள்.

"மாஸ்டர், இந்தச் சாமானுக்குக் கணக்கு மட்டுந்தான் வெளங்குமாம். கொஞ்சம் பேசிப் பாருங்க."

டிவியில் மாட்டி, சனிக்கிழமைதோறும் ஒரு விளையாட்டு எழுதினோம். பதுளையிலிருந்து பசறைக்கு பஸ் ஓட்ட வேண்டும். வளைவுக்கு முன் ஹார்ன் அடிக்காவிட்டால் எதிரே வரும் தேயிலைக் கொழுந்து லொறியில் மோதும். நான் கணினிக்கான கட்டளை வரிகளைத் தாளில் எழுதி மூன்று முறை சரிபார்ப்பேன். நீங்கள் விசைமேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பீர்கள்.

"இந்த வேகத்துல போனா நம்ம பஸ்ஸு அடுத்த பெருநாளைக்குத்தான் பசறைக்குப் போகும் மாஸ்டர்."

அந்தக் கணினி எதையும் கேசட்டில்தான் சேமிக்கும்; விளையாட்டு முழுவதும் கீச்சென்ற ஓசையாக அதில் பதிந்தது. ஒன்று போதாது என்று பயந்து இன்னொரு பிரதி கேட்டேன். அங்கேதான் பிசகியது. நீங்கள் பதிந்ததை வேறு கடைக்காரர் தன் பெயரில் விற்காமலிருக்க, பாட்டுக்கு நடுவே மைக்கை எடுத்துக் கடையின் விலாசம் சொல்வது உங்கள் வழக்கம். அன்றும் கை தானாக மைக்குக்குப் போய்விட்டது. கணினி அந்தப் பிரதியை ஏற்க மறுத்தது. அது தெரியவருவதற்குள், இரண்டு இருக்கிறதே என்று மூலக் கேசட்டில் யாரோ ஒருவருக்குப் பாட்டுப் பதிந்து கொடுத்துவிட்டீர்கள். என் தாள்களும் உதவவில்லை; பாதி வரிகளைத் திரையிலேயே மாற்றியிருந்தோம்.

"பரவாயில்ல நானா" என்றேன். அதன்பிறகு நான்கு மாதம் சனிக்கிழமைகளில் நான் வரவில்லை. ஒருநாள் நீங்களே பஸ் ஏறித் தோட்டத்துக்கு வந்து, கெட்டுப்போன அந்தப் பிரதிக் கேசட்டோடு பாடசாலை வாசலில் நின்றீர்கள்.

"கோவமா மாஸ்டர்?"

"சேச்சே, வேலைங்க நானா."

"பொய்யி. சரி, இத வச்சுக்கங்க. என்னைக்காவது எவனாவது இதுல இருந்து எடுப்பான்."

மறுபடி கடைக்கு வந்தேன். எத்தனையோ வருடம் எல்லாம் பேசினோம், இதைத் தவிர. போன வருடம் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

அந்த 'எவனாவது' நான்தான் என்று நினைக்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் பழைய கேசட் ஓசையை வாசிக்கும் மென்பொருளை, முகம் தெரியாதவர்கள் எழுதி இலவசமாகத் தருகிறார்கள், நானா! அந்த ரப்பர் விசைக் கணினியையே மடிக்கணினிக்குள் எழுப்பிக் காட்டுகிறார்கள். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று எவரும் திறந்து பார்க்கலாம்; திருத்தலாம். இந்த வயதில் புரியுமா என்று தயங்கித் திறந்தேன். புரிந்தது! வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்பது வரிகள் மட்டும் வரவில்லை. சரியாக நீங்கள் பேசிய இடம். ஹார்ன் அடிக்கும் இடம்.

மூன்று நாள் உட்கார்ந்து அந்த ஒன்பதையும் புதிதாக எழுதினேன். அன்று எழுதியதும் இதுவும் ஒன்றா என்று தெரியாது. ஹார்ன் ஒலிக்கிறது.

அடுத்த கேள்விதான் என்னை ஒரு வாரம் உட்காரவிடவில்லை. இதை ஊருக்கெல்லாம் திறந்து கொடுக்கலாமா? பிரதி எடுப்பதற்கு எதிராக மைக் பிடித்த மனிதர் நீங்கள். சம்மதிப்பீர்களா? திறந்த மென்பொருளுக்கான அனுமதி வாசகத்தைச் சொல் சொல்லாகப் படித்தேன். யாரும் பிரதி எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். செய்தவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஒருமுறை நீங்கள் சொன்னது இதுதானே? "கேக்கட்டும் மாஸ்டர், ஊரே கேக்கட்டும். யாரு பதிஞ்சதுன்னு தெரியணுமா இல்லியா?"

உங்கள் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் போட்டேன். நடுவில் கிடந்த உங்கள் குரலை வெட்டித் தொடக்கத்தில் ஒட்டினேன். பிறகு இணையத்தில் வைத்தேன்.

இன்று காலை முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சலில் ஒரு கடிதம். நம் பஸ்ஸை வெலிமடைக்குத் திருப்பிவிட்டாராம். கொழுந்து லொறிக்குப் பதில் உருளைக்கிழங்கு லொறி. அவர் மாற்றியதைத் திறந்து ஓட்டினேன்.

"பதுளை டவுன், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, நம்ம ரெக்கோர்டிங் பார்!"

நீக்கவில்லை, நானா! உங்கள் குரலுக்குப் பின்னால்தான் பஸ் கிளம்பியது. கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி: இந்தக் குரல் யாருடையது?

ஐந்து முறை எழுதி அழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: "என் கூட்டாளி. இந்த விளையாட்டை என்னோடு செய்தவரும் அவர்தான், கெடுத்தவரும் அவர்தான். எனக்குக் கோபம் வந்தது. அவர் நேரில் கேட்டும் நான் சொல்லவில்லை."

ஒருமுறைகூடச் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

பாடசாலை வாசலில் நீங்கள் கேட்ட கேள்வி இத்தனை வருடமாக என்னிடமே இருந்தது. ஆமாங்க நானா, கோபந்தான். இப்போது நீங்கள் மைக்கை எடுக்கும் இடத்துக்காகவே விளையாட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கிறேன்.