பூஜ்யம் விழுந்த நாட்கள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு சொல்.

உன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைப் படித்தேன். உலக நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தங்களில் பாதியைப் பற்றி நம் நாடாளுமன்றம் வாயே திறக்கவில்லை என்கிறாய். தப்பு. உன் தப்பல்ல, விவாதங்களை எண்ண உனக்கு நான் எழுதிக் கொடுத்த ப்ரோகிராமின் தப்பு. வாக்கு எண்ணிக்கை இருந்தால்தான் அது விவாதத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறது. குரல் வாக்கெடுப்பில் ‘ஆம், ஆம்’ என்று முடிந்த நாட்களுக்கெல்லாம் பூஜ்யம். நேற்று திருத்தி ஓட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு விவாதங்கள் விடுபட்டிருக்கின்றன.

நாம் சேர்ந்து வேலை பார்த்த அந்த மாடி அறை ஞாபகம் வருகிறது. ஒரே மேசை, உன் பக்கம் நாடாளுமன்ற அவைக்குறிப்புத் தொகுதிகள், என் பக்கம் கம்ப்யூட்டர். “டேய், அன்னிக்குப் பேசியிருக்காங்கடா, நானே படிச்சேன். பூஜ்யம்னு காட்டுதே?” என்றாய். “தூங்கி வழிஞ்சுக்கிட்டே படிச்சா அப்படித்தான். மெஷின் தூங்காது” என்றேன். சிரித்தாய். அந்த வருஷம் சிரித்த மாதிரி நாம் பிறகு சிரிக்கவே இல்லை.

சமர்ப்பிக்காதே.

தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தைய நாளே சமர்ப்பித்துவிட்டேன். இன்று காலை போய்த் திரும்ப வாங்கிக்கொண்டேன். “பட்டம் கையில இல்லாம ஜூன்ல வேலைல சேர முடியாதே, யோசிச்சியாம்மா?” என்றார் நெறியாளர். யோசித்தேன். விரிவுரையாளர் வேலை போயிற்று.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் கண்ணால் படித்ததை நீ ஒரு கேலியில் தள்ளினாய், நானும் விட்டுவிட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அரசு போட்ட கையெழுத்தை நாடாளுமன்றம் ஏன் தட்டிக் கேட்கவில்லை என்று ஐந்து வருஷம் ஆராய்ந்தவள், தம்பியைத் தட்டிக் கேட்கவில்லை.

புது ப்ரோகிராம் அனுப்பாதே. நானே உட்கார்ந்து எண்ணப்போகிறேன். கொஞ்ச நாள் எழுதவும் வேண்டாம்.

அக்கா

மே 20

அக்காவுக்கு,

இரண்டு மாதம் பொறுத்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய காலம் என்று உனக்கே தெரியும்.

இங்கே நூலகத்திலும் அந்த அவைக்குறிப்புத் தொகுதிகள் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் போய்ப் படிக்கிறேன். ஆமை வேகம்தான். மீன்பிடி எல்லை ஒப்பந்தத்தைப் பற்றி ஓர் உறுப்பினர் நாற்பது நிமிஷம் பேசுகிறார். நடுவில், “சபையில நாலு பேர்தான் இருக்கீங்க. பரவாயில்ல, குறிப்பெடுக்கிறவர் முழிச்சிட்டிருக்கார்” என்கிறார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நூலகர் முறைத்தார். காட்டுவதற்குப் பக்கத்தில் நீ இல்லை.

முதல் தொகுதியில் கையால் எண்ணியதில் எனக்கு முப்பத்தொரு விவாதங்கள் வந்தன. பக்க எண்களோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். உனக்கு வேறு எண் வந்தால், என்னுடையதை அடித்துவிடு.

தம்பி